அழுக்கு தங்காத இன்ஜின்

கொள்ளிடம் கடலைச் சேர்வதற்குச் சற்று முன்னால் இரண்டாகப் பிரிந்து மறுபடியும் ஒன்றாகிற இடத்தில் எங்கள் திட்டு இருக்கிறது. அங்கே அறுபத்து மூன்று வீடுகளும் ஒரே ஒரு இன்ஜின் படகும் உண்டு. அந்தப் படகின் இன்ஜின் தன் அழுக்கைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் ஊர்க்காரர்களின் கைகளுக்கு அனுப்பத் தொடங்கியது ஓர் ஆவணி மாதச் செவ்வாய்க்கிழமை மாலையில்.

அன்று அது பக்கிரிசாமி சித்தப்பாவுக்கு வந்தது. அவர்தான் படகின் டிரைவர். கடைசி நடை முடிந்து, படகை முளையில் கட்டி, இன்ஜினை நிறுத்தும் கம்பியை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய், சோப்புப் போட்டுக் கை கழுவிச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தபோது அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் மணிக்கட்டு வரை கறுத்திருந்தன. டிரைவர் கை கறுப்பாக இருப்பதில் என்ன அதிசயம் என்று சித்தி சோறு போட்டார். ஆனால் அவர் சொம்பைத் தொட்டதும் உள்ளே இருந்த தண்ணீரில் வளையம் வளையமாக அலை எழுந்தது, கையை எடுத்ததும் அடங்கியது, மறுபடி தொட்டதும் மறுபடி எழுந்தது.

"இன்னும் படகுலதான் இருக்கீங்களா?" என்று சித்தி கேட்டார்.

"உக்காந்திருக்கறது இங்கதான்," என்றார் சித்தப்பா. "ஆனா ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

மறுநாள் அவருக்கு உடம்பு சரியில்லை என்று ஊர்த்தலைவர் கலியபெருமாளின் மகன் படகை ஓட்டினான், மாலையில் அவன் கை கறுத்தது. அடுத்த நாள் அவன் கம்பியை இழுக்கப் பயந்து, அக்கரையிலிருந்து வந்த தபால்காரரிடம் "கொஞ்சம் இழுத்துவிடுங்க சார்" என்றான், தபால்காரர் மூன்று நாள் விடுப்பு எடுத்தார். ஒரு வாரத்துக்குள் விஷயம் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அன்றைய அழுக்கு அன்று இன்ஜினை நிறுத்திய கைக்கு வரும். மூன்று நாள் இருக்கும். சீயக்காய், மண்ணெண்ணெய், செங்கல்தூள் எதற்கும் போகாது, பிறகு தானாகவே போய்விடும். அந்த மூன்று நாளும் உடம்புக்குள் இன்ஜின் ஓடும். படகு கரையில் நிற்கும்போது மெதுவாக, ஆற்றின் நடுவில் இருக்கும்போது முழு வேகத்தில்.

எட்டாவது நாள் நான் டீசல் ஃபில்டரைக் கழற்றினேன். மூன்று வாரம் ஓடிய ஃபில்டர், மடிப்பு மடிப்பாக, டப்பாவிலிருந்து பிரித்தபோது இருந்த அதே வெள்ளையில் இருந்தது. ஏர் ஃபில்டரும் அப்படித்தான். சைலன்சர் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்த்தேன், துணி வெள்ளையாகவே இருந்தது. ஃபில்டரைத் திருப்பி மாட்டிவிட்டு, யாருக்கும் எதுவும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து, டீசலில் கலக்கும் மருந்து பாட்டிலைத் தேடி எடுத்து, அதில் எழுதியிருந்ததை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தேன்.

அந்த மருந்தை வாங்கி வந்தவன் நான்தான்.

திட்டில் பொறியியல் படித்தவன் நான் ஒருவன். படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் திரும்பி வந்தபோது, படகு ஊர்ப்பொதுவானது என்பதால், தலைவர் வீட்டு வாசலில் கூட்டம் போட்டு, "மெக்கானிக்கல்தானே படிச்ச, இன்ஜின இனி நீ பாத்துக்க" என்று ஒப்படைத்தார்கள். அதுவரை அதை அவர்கள் பார்த்துக்கொண்ட விதம் வேறு. காகித ஃபில்டரை டீசலில் அலசி, கருவாட்டோடு சேர்த்துக் கூரைமேல் காயவைத்து மறுபடி மாட்டுவார்கள், அலசிய அலசலில் காகிதம் நைந்து ஓட்டை விழுந்திருக்கும், ஓட்டை விழுந்த பிறகு டீசல் தாராளமாகப் போகிறது என்று சந்தோஷப்படுவார்கள். டாங்கின் அடியில் பல வருடத் தண்ணீரும் சேறும் கிடந்தன. அப்படி ஓடிய இன்ஜின் நான் வருவதற்கு இரண்டு வருடம் முன்னால், ஆடி வெள்ளத்தில், ஆற்றின் நடுவில் நின்றுபோனது. அன்று படகில் பிரசவ வலியோடு இருந்தவள் குணவதி, பக்கிரிசாமி சித்தப்பாவின் ஒரே மகள். வெள்ளம் படகை முகத்துவாரம் வரை இழுத்துக்கொண்டு போனது, மணல்மேட்டில் தட்டி நின்ற படகிலிருந்து மாலையில் இறக்கும்போது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

அதனால்தான் நான் பயந்து பயந்து எல்லாவற்றையும் புத்தகத்தில் உள்ளபடி செய்தேன். புது ஃபில்டர் வாங்கிப் போட்டேன். டீசலை மெல்லிய துணியில் வடிகட்டினேன். அக்கரைக் கடையில், இன்ஜின் உள்ளே படிந்த அழுக்கைக் கரைக்கும் மருந்து என்று நீல பாட்டில் ஒன்றைக் கொடுத்தார்கள். இருபது லிட்டருக்கு ஒரு மூடி. நான் மூடியில் அளந்துகொண்டிருந்தபோது சித்தப்பா பார்த்துவிட்டு, "கொழந்தைக்கா ஊத்துற? கொஞ்சமா ஊத்துனா அது கோவிச்சுக்கும்டா" என்று பாட்டிலை வாங்கி டாங்கில் கவிழ்த்தார். நான் தடுக்கவில்லை. அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. பாட்டிலில், இனி உங்கள் இன்ஜினில் அழுக்கு தங்காது என்று எழுதியிருந்தது. எங்கே போகும் என்று எழுதியிருக்கவில்லை.

ஊரில் யாரும் காரணம் கேட்கவில்லை. முதல் இரண்டு வாரம் மாலையானால் கரையில் ஆளே இருக்காது, படகு ஓடியபடியே முளையில் கட்டிக் கிடக்கும், கம்பியை இழுக்க ஒருவரும் வரமாட்டார்கள், சித்தப்பாவே திட்டிக்கொண்டு இழுப்பார். பிறகு கூட்டம் கூடியது. பாசனத்துக்கு முறை வைப்பதுபோல இதற்கும் முறை வைத்துவிடலாம் என்று தலைவர் சொன்னார், ஒரு நாளைக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு கை. பட்டியலை என்னை எழுதச் சொன்னார்கள். ஆற்றோரத்து முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை, யாரையும் விடாமல், என் வீடு உட்பட எழுதி, கோயில் சுவரில் ஒட்டினேன். நியாயமான பட்டியல் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குக்கூட அன்று பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஊர் அதைத் தன் வழக்கங்களில் ஒன்றாக்கிக்கொண்டது. முறைக்காரருக்கு டீக்கடையில் பாதி கிளாஸ்தான் ஊற்றுவார்கள், முழுசாக ஊற்றினால் தளும்பும். அவர் கோயிலுக்கு வரலாம், கர்ப்பூரத் தட்டைத் தொடக்கூடாது, சுடர் ஆடுகிறது. தூங்காமல் அழுகிற கைக்குழந்தைகளை முறைக்காரர் மடியில் கொண்டுவந்து போட்டார்கள், அந்த அதிர்வில் குழந்தைகள் உடனே தூங்கின. படகு எங்கே வருகிறது என்று தெரிந்துகொள்ள யாரும் கரைக்குப் போவதில்லை, முறை வீட்டுக் குடத்தை எட்டிப் பார்த்தால் போதும், தண்ணீர் துள்ளினால் நடு ஆறு, சிலுசிலுத்தால் கரை. பெண் பார்க்க வருகிறவர்களை அந்த வீட்டு முறை கழிந்த நாளில் வரச் சொன்னார்கள். ஒரு வீட்டில் கறுத்த கையைப் பார்த்தால், என்ன ஆயிற்று என்று கேட்காமல், "எத்தனாம் நாள்?" என்று மட்டும் கேட்டார்கள்.

இன்ஜின் மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை. புகை இல்லை. பாதி டீசலில் ஓடியது. ஐப்பசி வெள்ளத்தில் அக்கரைப் படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தபோது எங்கள் படகு மட்டும் ஆற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது, பாம்பு கடித்த ஒருவனையும் நெஞ்சுவலி வந்த ஒரு கிழவரையும் பிழைக்கவைத்தது. சித்தப்பா தினமும் காலையில் இன்ஜின் மூடியைத் தடவிக்கொடுத்து, "நீ அப்பவே இப்பிடி இருந்திருக்கக்கூடாதா?" என்பார். அதைக் கேட்டவர்கள் கையை நீட்ட மறுத்துப் பேசமாட்டார்கள்.

ஆனால் பட்டியல் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கைக்குழந்தைக்காரிகளை விட்டுவிடலாம் என்றார்கள், சரியென்று பெயரை அடித்தேன். பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் உள்ள வீடு, ஆஸ்துமாக்காரர் உள்ள வீடு, மாலை போட்டிருப்பவர் வீடு என்று ஒவ்வொன்றாக அடித்தேன். தலைவருக்கு அக்கரையில் அதிகாரிகளைப் பார்க்கிற வேலை இருந்தது, கறுத்த கையோடு எப்படி மனு நீட்டுவது என்று கேட்டார், அவரையும் அடித்தேன். ஒவ்வொரு காரணமும் நியாயமாக இருந்தது. எல்லாவற்றையும் அடித்து முடித்தபோது பட்டியலில் ஒன்பது வீடுகள் மிஞ்சின, அந்த ஒன்பதில் ஒன்று பூங்காவனத்து அத்தையின் வீடு.

அத்தைக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஆற்றுச் சேற்றில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிடிப்பதுதான் பிழைப்பு. முதல் முறை வந்தபோது மூன்று நாளும் அவருக்கு ஒரு இறால்கூட அகப்படவில்லை. விரலைச் சேற்றில் வைத்ததுமே அதிர்வு தெரிந்து எல்லாம் விலகிப் போய்விட்டன. "எட்டிப் பாத்துட்டு ஓடுதுடா தம்பி, என்னைய இன்ஜின்னு நெனச்சுக்கிட்டு" என்று சிரித்தார். அந்த மூன்று நாள் சோற்றுக்கு, பக்கத்து வீட்டுக்காரர் தன் முறையை அவர் எடுத்துக்கொண்டால் படி அரிசி தருவதாகச் சொன்னார். அத்தை எடுத்துக்கொண்டார். அதனால் இன்னும் மூன்று நாள் இறால் வரவில்லை. அதனால் இன்னொருவர் முறையையும் எடுத்துக்கொண்டார். தை மாதத்துக்குள் எல்லா முறையும் அவருடையதாகிவிட்டது. அவருடைய கை மறுபடி வெளுக்கவே இல்லை. வெளுப்பதற்கு அவகாசம் இருந்ததில்லை.

அரிசி தவறாமல் போனது. என் வீட்டு முறைக்கு அளந்துகொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்தான். என் அக்கா சுகந்தி மசக்கையோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள், இந்த நேரத்தில் வீட்டில் கறுத்த கை வேண்டாம் என்று அம்மா சொன்னார், அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

கறுப்பு அத்தையின் முழங்கையைத் தாண்டி, தோளைத் தாண்டி, கழுத்தடி வரை ஏறியது. அவர் நடந்தால் கேட்கும், நெஞ்சுக்குள்ளிருந்து டுக், டுக், டுக் என்று சீராக. அவர் பேசும்போது சொற்கள் அந்தத் தாளத்தில் வெட்டுப்பட்டு வந்தன. பனிக்காலத்து விடியலில் அவர் வாயைத் திறந்தால் மற்றவர்களுக்கு வெள்ளை ஆவி வரும், அவருக்கு நீலமாக வரும். ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. படகு எங்கே என்று கேட்க வேண்டுமானால் அத்தை வீட்டுப் பக்கம் காது கொடுத்தார்கள்.

வைகாசியில் ஒருநாள், அத்தை படகில் இன்ஜின் மூடிமேல் கையை வைத்து உட்கார்ந்து வந்தார். கரை சேர்ந்த பிறகு டீசல் ஊற்றுவதற்காக டாங்கில் அளவுக்கம்பியை விட்ட சித்தப்பா அதை வெளியே எடுத்து வெகுநேரம் பார்த்தார். கம்பி காய்ந்திருந்தது. டாங்கில் ஒரு சொட்டு இல்லை. பாதி ஆற்றை அந்தப் படகு எதில் கடந்தது என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. அத்தை இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை, அவருடைய புருவமும் இமைமுடியும் உதிர்ந்து தலையணையில் கிடந்தன. மூன்றாம் நாள், டீசல் வண்டி வர இரண்டு நாள் ஆகுமாம், அதுவரை பூங்காவனத்தைப் படகில் உட்காரவைத்தால் என்ன என்று தலைவர் என்னிடம் சாதாரணமாகக் கேட்டார்.

அன்று மாலை நான் அத்தை வீட்டுக்குப் போனேன். கதவு, சட்டி, கூரையில் செருகிய அகப்பை எல்லாம் ஒரே தாளத்தில் நடுங்கிக்கொண்டிருந்தன.

"அரிசி கொண்டாந்தியா?" என்றார்.

"இல்ல அத்த. ஒடம்பு எப்பிடி இருக்கு?"

"அது நல்லாத்தான் ஓடுது. நாந்தான் நிக்கணும்னு பாக்குறேன்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தூங்கி நாப்பது நாளாவுது தம்பி. கண்ண மூடுனா நடு ஆத்துல இருக்கேன். சுத்தி யாருமில்ல. நீ படிச்சவன், ஒண்ணு சொல்லு. இப்பிடியே ஓடுனா எத்தன நாள் ஓடும்?"

எனக்கு விடை தெரியும். எந்த இன்ஜினுக்கும் எத்தனை மணி நேரம் ஓடினால் ஃபில்டரை மாற்ற வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது, மாற்றாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்றும் இருக்கிறது. அதை நான் சொல்லவில்லை. "மாத்திடலாம் அத்த" என்று மட்டும் சொன்னேன்.

கூட்டத்தில் சொன்னேன். டாங்கைக் காலி செய்து, மருந்து ஊறிக் கிடக்கும் அடிச்சேற்றையும் டீசலையும் கடைசிச் சொட்டு வரை எடுத்துவிட்டு, புது ஃபில்டர் போட்டு, மற்ற ஊர் இன்ஜின்களைப்போல ஓட்டலாம், தினமும் காலையில் அடித்தண்ணீரை நான் வடிப்பேன், நேரத்துக்கு ஃபில்டரை நான் மாற்றுவேன் என்றேன்.

"நிக்காதுன்னு எழுதித் தருவியா?" என்று தலைவர் கேட்டார்.

"நிக்காதுன்னு எந்த இன்ஜினுக்கும் எழுதித் தர முடியாதுங்க."

"இது நிக்கலியே."

பிறகு அவர் மெதுவாக, என் நன்மைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "ஒங்க அக்காவுக்கு ஆடியிலதானே? வெள்ளம் வர்ற நேரம். அது முடியட்டும். பூங்காவனம் நாமெல்லாம் பாத்துக்கற பொம்பளதான், நாளைக்கே எங்கயும் ஓடிடப்போறதில்ல."

சித்தப்பா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது என்பதுதான் உண்மை. அது முடியட்டும். வீட்டுக்கு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அக்காவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் பெத்துட்டா அடுத்து யாருக்காக வெச்சிருப்பாங்க?" என்று கேட்டாள்.

"தலைவர் மருமக முழுகாம இருக்கு."

"அப்பறம்?"

நான் குனிந்து வெங்காயத் தோலைப் பொறுக்கினேன்.

"போய் மாத்துடா" என்றாள்.

ஆனி மாதக் கடைசி வாரத்தில், முதல் நடைக்கு முன்னால், நான் டாங்கின் அடித்திருகைக் கழற்றினேன். சித்தப்பா கரையில் நின்று பார்த்தார். தடுக்கவில்லை, உதவவும் இல்லை. எல்லாம் வடிந்து முடிந்ததும், "இனிமே நின்னுச்சுன்னா எம்மூஞ்சியில முழிக்காத" என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறினார். அன்று மாலை கம்பியை நானே இழுத்தேன். என் கை கறுக்கவில்லை. ஐந்தாம் நாள் ஃபில்டரைத் திறந்து பார்த்தேன், பழுப்பேறியிருந்தது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதுபோல வேறு எதையும் பார்த்து அந்த வருடம் சந்தோஷப்படவில்லை.

ஆனால் அத்தைக்கு நிற்கவில்லை. இன்ஜினிலிருந்து இனி எதுவும் வராது, ஏற்கெனவே வந்தது போகவில்லை. படகு கட்டிக் கிடந்தபோதும் அவருக்குள் அது ஓடியது. ஊரும் அரிசி அனுப்புவதை நிறுத்திவிட்டது. நான் எங்கள் வீட்டிலிருந்து சோறு கொண்டுபோனேன். அக்கரைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை காலை நடைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு கரைக்கு வந்தேன். அதே நேரத்தில் அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் சுகந்தி அக்காவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்கள். தேதிக்கு மூன்று வாரம் இருந்தது. வலி தேதியைக் கேட்கவில்லை.

ஆடி வெள்ளம் ஆறு முழுக்கச் செங்கல் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. சித்தப்பா அக்காவைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. படகை அவிழ்த்தார். தலைவரும் இன்னும் நாலைந்து பேரும் இருந்தார்கள். பூங்காவனத்து அத்தை அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், அவருடைய சத்தமும் இன்ஜின் சத்தமும் எப்போதும்போல ஒன்றாகவே இருந்தன.

பாதி ஆற்றில் இன்ஜின் இழுக்கத் தொடங்கியது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, இரண்டு முறை இருமி, நின்றுபோனது.

டாங்கின் ஓரங்களில் பல வருடமாக ஒட்டியிருந்த சேறு, நான் வடித்தபோது இளகியிருக்கிறது. இருநூறு மணி நேரம் தாங்கும் என்று நினைத்த ஃபில்டரை அது ஒன்பது நாளில் அடைத்துவிட்டது. இதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, நின்றுபோன இன்ஜினுக்குப் பக்கத்தில், டுக், டுக், டுக் என்று அத்தையின் சத்தம், ஒரு அடிகூடத் தவறாமல். படகு திரும்பி, முகத்துவாரத்தைப் பார்த்து மிதக்கத் தொடங்கியது. சித்தப்பா நங்கூரத்தைப் போட்டார், அது இழுபட்டுக்கொண்டே வந்தது. அவர் கயிற்றை விட்டார். எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

சித்தப்பா வந்து அத்தைக்கு முன்னால் மண்டியிட்டார். அறுபது வயதுக்காரர். "பூங்காவனம்," என்றார், "எம்பொண்ணு போன எடம் இது. ஒரு தடவ. ஒரே ஒரு தடவ கைய வெய்யி."

"வெச்சா ஓடும். எனக்குத் தெரியும்," என்றார் அத்தை. எழுந்தார். ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. கை நீண்டது, இமைமுடி இல்லாத கண்கள் இன்ஜினையே பார்த்தன, நெஞ்சுச் சத்தம் கூடிற்று.

அக்கா அவருடைய சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காரு அத்த."

"விடுடி. ஒனக்காகத்தான்."

"எனக்காக ஒரு மயிரும் வேணாம், உக்காரு." வலி வந்து பல்லைக் கடித்தாள், முந்தானையை விடவில்லை. வலி போனதும் என்னைக் கூப்பிட்டாள். "டேய். எவ்வளவு நேரம்டா ஆவும்?"

"பதினஞ்சு நிமிஷம். இருபதும் ஆவலாம்."

"பத்துன்னு பொய் சொன்னா என்னடா கொறஞ்சுபோவ? ஆரம்பி."

சித்தப்பா மண்டியிட்டபடியே என்னை ஏறிட்டுப் பார்த்தார். முகத்துவாரம் வரை இருபது நிமிடத்துக்கு மேல் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் எழுந்தார், அத்தையின் பக்கம் போகவில்லை, ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தார்.

நான் ஃபில்டர் மூடியைத் திருகினேன். இரண்டு முறை கை வழுக்கியது. உள்ளே இருந்தது தார்போலக் கறுத்து, கனத்து, சொட்டிக்கொண்டு வந்தது. படகில் வைத்திருந்த புதியதைப் போட்டு, வாஷரை ஒழுங்காக உட்காரவைத்து, இறுக்கினேன். குழாயில் காற்று புகுந்திருக்கும், அதை எடுக்காமல் இன்ஜின் பிடிக்காது. "தலைவரே, இத அழுத்துங்க. விட்டு விட்டு அழுத்துங்க," என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா கத்திய கத்தலில் குந்தி உட்கார்ந்து, கைபம்பை அழுத்தத் தொடங்கினார். போல்ட்டைத் தளர்த்தியதும் டீசல் நுரைத்துக்கொண்டு பீறிட்டு அவருடைய வெள்ளை வேட்டியை நனைத்தது. அழுத்திக்கொண்டே இருந்தார். நுரை வந்தது, நுரை வந்தது, நுரை வந்தது. ஆற்றின் நிறம் மாறி, உப்புக்காற்று முகத்தில் அடித்தது. மணல்மேட்டில் அலை உடைகிற வெள்ளைக்கோடு எல்லாருக்கும் தெரிந்தது. அத்தை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார், அவருடைய சத்தம் மட்டும் எங்கள் எல்லாரையும் ஓட்டிக்கொண்டு போவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தது.

நுரை நின்று டீசல் கம்பியாக வந்தது. இறுக்கினேன். "அடிங்க சித்தப்பா."

ஹேண்டிலை மாட்டி அடித்தார். பிடிக்கவில்லை. மறுபடி அடித்தார். மூன்றாம் முறை, அவர் தோள் இறங்கிவிடும்போல முழு உடம்பையும் போட்டு அடித்தார். இன்ஜின் பிடித்தது. சைலன்சரிலிருந்து புகை கறுப்பாக, ஒரு வருடமாக யாரும் பார்த்திராத அடர்த்தியில் கிளம்பி, காற்றில் திரும்பி, படகில் இருந்த எல்லார்மேலும் கவிந்தது. எல்லாரும் இருமினார்கள். சித்தப்பா சுக்கானை வளைத்து, படகின் மூக்கைக் கரைக்குத் திருப்பினார்.

அப்போதுதான் எனக்கு இரண்டு சத்தம் கேட்டது. மாதக்கணக்கில் அவை ஒரே தாளத்தில் இருந்ததால் இரண்டு என்று யாருக்கும் தோன்றியதில்லை. இப்போது இன்ஜின் தன் போக்கில் ஓட, அத்தையின் சத்தம் அரை அடி பின்தங்கி வந்தது, பிறகு ஒரு அடி, பிறகு நான்கு அடிக்கு ஒன்று. கரையின் பனைமரங்கள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தபோது அது கேட்கவே இல்லை.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கையில் இருந்த பழைய ஃபில்டரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், அது சட்டையெல்லாம் ஒழுகியது. அம்மா "பூங்காவனம்" என்று கூப்பிட்டார். "பூங்காவனம்!" என்று உரக்கக் கூப்பிட்டார்.

"கத்தாதம்மா," என்றாள் அக்கா, மூச்சு வாங்க. "தூங்குது."

அக்காவின் தோளில் தலை சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு, கழுத்து வரை கறுத்த உடம்போடு அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். மார்பு ஏறியது. நெடுநேரம் கழித்து இறங்கியது. மறுபடி ஏறியது. ஒரு சாதாரண மனுஷியின் மூச்சு. படகு அக்கரையில் மோதியபோதும் அவர் விழிக்கவில்லை. அக்காவைத் தூக்கி இறக்கியபோது அந்தத் தோளுக்குப் பதிலாகத் தன் துண்டைச் சுருட்டி அவர் தலைக்குக் கீழே வைத்தார் சித்தப்பா. ஆட்டோ கிடைத்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்த அரைமணி நேரத்தில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

விஷயத்தைச் சொல்ல நான் ஓட்டமும் நடையுமாகக் கரைக்கு வந்தேன். ஆள்கள் எல்லாரும் இறங்கிப் போயிருந்தார்கள். படகு கட்டியிருந்தது, இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, புகை ஆற்றின்மேல் நீளமாகப் படுத்திருந்தது. சித்தப்பா சுக்கானுக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"பொண்ணு," என்றேன். அவர் தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எதுக்கு சித்தப்பா ஓடவிட்டிருக்கீங்க? டீசல் போவுதே."

அவர் உதட்டில் விரலை வைத்து, அத்தையைக் காட்டினார்.

"நிறுத்துனா முழிச்சுக்கும்," என்றார்.